ஈரம் கசிந்த சீர்வரிசை

புல்லனேரி பேரூராட்சித் தலைவர் கோட்டைச்சாமி வீட்டு சோபாவில் தண்ணீர் ஊறத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில். குடிதண்ணீர் லாரியை எதிர்பார்த்து ஊர்க் குடங்களெல்லாம் தெருவில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்த சமயம் அது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வழக்கம்போல் சோபாவில் சாய்ந்த தலைவர் வேட்டி நனைந்து எழுந்தார், எழுந்தவர் முதலில் பேரனைச் சந்தேகப்பட்டார், பேரன் பள்ளிக்கூடம் போயிருந்ததால் அடுத்தபடியாகச் சர்க்கரை வியாதிக்காரரான தன்னையே சந்தேகப்பட்டார், அதற்கப்புறம்தான் சோபாவைப் பார்த்தார். அவர் மனைவி பஞ்சவர்ணம் மெத்தையைக் கையால் அமுக்கி, விரலில் ஒட்டிய ஈரத்தை மோந்து பார்த்தாள்.

"என்னங்க, கம்மாத் தண்ணி வாடை அடிக்குது" என்றாள்.

அவளுக்கு அந்த வாடை தெரியும், கல்யாணமாகி வந்த நாள் முதல் கூத்தன் கண்மாயில் துணி துவைத்தவள் அவள். அந்தக் கண்மாய் தலைவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வருடம் அதில் செம்மண்ணைக் கொட்டி மேவி, சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக ஊன்றி, முகப்பில் ஆனந்தபுரி நகர் என்று ஒரு வளைவும் வைத்துவிட்டார்கள். கண்மாய்க்கு நீர்வரத்து இல்லை, பாசனமும் இல்லை, வீட்டுமனையாக மாற்றுவதில் மன்றத்துக்கு ஆட்சேபணையும் இல்லை என்று பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது, எல்லா வார்டு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள், காரியம் முடிந்தது. மனை போட்ட தனுஷ்கோடி நல்ல மனிதர், யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறவர் அல்ல, தீர்மானம் நிறைவேறிய மறு வாரமே மினி லாரியில் சோபாவும் பிரிட்ஜும் பீரோவும் பட்டுப்புடவையும் வெள்ளிக் குத்துவிளக்குமாக வீடு வீடாக இறக்கினார்.

இறக்கிய அத்தனையும் அந்தச் சித்திரையில் நனைந்தன. துணைத்தலைவர் வீட்டு பிரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் அயிரை மீன் நீந்தியது. நாலாவது வார்டு உறுப்பினரின் பீரோவைத் திறந்தால் முழங்கால் வரை தண்ணீர் வழிந்து ஓடியது. ஏழாவது வார்டு உறுப்பினரின் மனைவி பட்டுப்புடவையைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்து போய், அதைக் கொடியில் போட்டு அடியில் ஒரு அண்டாவை வைத்தாள். எல்லோரும் குழாய் கசிவு என்றே சொன்னார்கள், குழாய்க்காரனைக் கூப்பிட்டார்கள், அவனும் சுவரை இடித்துப் பார்த்துவிட்டுக் குழாய் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். போகிற வழியில் எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் பொருள் நனைந்தது என்று டீக்கடையில் சொல்லிவிட்டும் போனான், பொழுது சாய்வதற்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். புல்லனேரிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்மாய் மேவப்பட்டதிலிருந்து கிணறுகளில் ஊற்று இல்லை, அடிகுழாயில் காற்றுதான் வந்தது, அப்படியிருக்க உறுப்பினர் வீட்டு பீரோவில் தண்ணீர் வீணாகப் போகிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? முதல் நாள் கொல்லைப்புற வாசலில் கூச்சப்பட்டு நின்றவர்கள், வாரம் திரும்புவதற்குள் முன்வாசலில் உரிமையோடு நின்றார்கள், எந்த வீட்டுத் தண்ணீர் பருப்பு வேக நல்லது, எந்த வீட்டுத் தண்ணீர் தலைக்கு ஊற்ற நல்லது என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் வீட்டு சோபாவைச் சுற்றி எப்போதும் கூட்டம், மெத்தையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கினால் ஒரு குடம் நிறைந்தது.

"நாலாம் வார்டு பீரோத் தண்ணி கருப்பட்டி கணக்கா இனிக்குதுடி" என்றாள் ஒருத்தி.

"தனுஷ்கோடி அண்ணன் இன்னுங் கொஞ்சம் பெரிய பீரோவா வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள் இன்னொருத்தி.

அவமானத்தில் குறுகிப்போயிருந்த உறுப்பினர்கள் இதனால் கொஞ்சம் நிமிர்ந்தார்கள், எங்கள் வீட்டில் கூட்டம் அதிகம், உங்கள் வீட்டில் குறைவு என்று தங்களுக்குள் போட்டிகூடப் போட்டார்கள். வெட்கம் என்கிற ஒன்று எங்கள் ஊரில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு உறுப்பினர் வீடு மட்டும் காய்ந்து கிடந்தது. அது பத்தாவது வார்டு மங்கையர்க்கரசியின் வீடு. கண்மாய்க் கரையில் நின்று, நான் இருக்கிறவரை இதில் ஒரு கூடை மண் விழ விடமாட்டேன் என்று பேசி ஓட்டு வாங்கியவள் அவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்தாள், மிளகாய் அரைத்தால் அவளும் சிவப்பு, மல்லி அரைத்தால் அவளும் பழுப்பு, கோதுமை அரைக்கிற நாளில் மட்டும் வெளுப்பாக வீட்டுக்குப் போவாள். தீர்மானத்தன்று அவளும் கை தூக்கினாள்தான், ஆனால் மிரட்டியிருப்பார்கள் என்று ஊர் மன்னித்துவிட்டது. அவள் வீட்டில் நனைந்த பொருள் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மன்னிப்பு மரியாதையாக மாறியது. மில்லுக்கு வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊரே ஊறிப்போய்க் கெடக்கு, நீ ஒருத்திதான் மங்கை ஒண்ணும் வாங்காதவ."

அவள் மாவு படிந்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த மரியாதை அவளை உயிரோடு தின்றது.

ஏனென்றால் அவளும் வாங்கியிருந்தாள். அவள் மகள் ஓவியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கணவன் திரவியம் ஊருக்கெல்லாம் மைக்செட் போடுகிறவன், சும்மா போடுகிறவன் இல்லை, காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் சபையில் வைக்கிற சீர்வரிசையை அவன்தான் ஒலிபெருக்கியில் வாசிப்பான். சீர் கொண்டுவந்தவர் அவன் காதோரம் குனிந்து பெயரையும் உறவுமுறையையும் பொருளையும் சொல்ல, அவன் அதை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி இழுத்து ராகமாகச் சொல்வான், அவன் வாயால் சொன்னால்தான் சீருக்கே மதிப்பு. ஊர் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் அவன் பெற்ற பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை. வைத்தியம் வைத்தியமாக அலைந்து முடிப்பதற்குள் அரசாங்க உதவிக்கான வயது வரம்பை ஓவியா தாண்டிவிட்டாள். தாயும் மகளும் கையாலேயே பேசிப் பழகினார்கள், சோறு, தூக்கம், கோபம், முத்தம் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கென்று ஒரு கையசைவு இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் தனுஷ்கோடி ஒரு பை மல்லியைத் தானே தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்தார். அரைத்து முடிக்கிறவரை நின்றார், மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார், "தங்கச்சி, மதுரையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. காதுக்குள்ள மிஷின் வைக்கிறாரு. செலவப் பத்தி நீ யோசிக்காத. ஒடம்பொறந்தவன்னு நெனச்சுக்க" என்றார். கண்மாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மல்லித்தூள் அவர் முகத்தில் விழுந்திருக்கும், அது அவருக்குத் தெரியும். அதற்கப்புறமும் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆபரேஷன் ஆயிற்று, மிஷினின் ஒரு பாதியைப் பிள்ளையின் வலது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் பதித்தார்கள், மறுபாதியை வெளியே ஒட்டிவைத்தார்கள். தீர்மானம் கூட்டத்துக்கு வந்த அன்று காலையில்தான் ஓவியா முதன்முதலாகத் தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு மங்கை கூட்டத்துக்குப் போனாள், எல்லோரும் கை தூக்கியபோது அவள் கையும் தூக்கிக்கொண்டது.

திரவியத்துக்கு இது தெரியாது. மதுரையில் ஒரு டிரஸ்ட் செலவு செய்தது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் அதை நம்பினான், நம்பியதோடு நிற்காமல் எந்த விசேஷத்தில் சீர் வாசித்தாலும் கடைசியில், "என் புள்ளைக்குக் காது குடுத்த, மொகந் தெரியாத அந்த மகராசன் நல்லா இருக்கணும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னான். கண்மாயை முழுங்கினவன் என்று தனுஷ்கோடியைத் திட்டுவதும் அதே வாய்தான். இரண்டையும் கேட்டுக்கொண்டு மங்கை சோறு போட்டாள்.

சோபா நனைந்த அதே நாளில் ஓவியாவின் காதுக்குப் பின்னாலிருந்தும் தண்ணீர் கசிந்தது. பாசி வாடையோடு மெல்லிய நூலாகக் கழுத்தில் இறங்கி யூனிபாரம் காலரை நனைத்தது. மங்கை அதை வியர்வை என்றாள், துண்டு மாற்றினாள், ஈரத் துண்டுகளை வீட்டுக் கொடியில் போடாமல் மில் மோட்டாருக்குப் பின்னால் போட்டுக் காயவைத்தாள். ஆனால் கசிவு வெளியே மட்டும் இல்லை. பிள்ளைக்குள் கண்மாய் கேட்கத் தொடங்கிவிட்டது. கரையில் அலை தட்டுவதும், நாரை இறக்கையை உதறுவதும், மடைவாயில் தண்ணீர் சுழல்வதும், அந்தி சாய்ந்தால் தவளைகள் ஒன்று மாற்றி ஒன்று கூப்பிடுவதும் அவளுக்கு ஓயாமல் கேட்டன. அவள் சிரித்தாள். வகுப்பில் கணக்கு நடக்கும்போது தவளை மாதிரி கத்தினாள். கண்மாய் இருந்த காலத்தில் அவளுக்குக் காது இல்லை, காது வந்தபோது கண்மாய் இல்லை, அதனால் அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. தலைக்குள் யாரோ தன்னோடு விளையாட வந்திருக்கிறார்கள் என்று கையசைத்துச் சொன்னாள். கத்துவது தவளை என்று மங்கை கையாலும் வாயாலும் சொல்லிக்கொடுத்தாள்.

தண்ணீர்ச் சத்தம் ஏற ஏற மனிதச் சத்தம் அமுங்கிப்போனது. திரவியம் வீட்டுக்குள்ளேயே மைக்கைப் பிடித்து "ஓவியா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். எதிர்வீட்டுக் கோழி மிரண்டு ஓடியது, அவள் திரும்பவில்லை. ஒரே ஒரு வருடம் மகளுக்குக் கேட்கிற அப்பாவாக இருந்தவன், மைக்கை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதான்.

இதற்கிடையில் பேரூராட்சியில் ஒரு மாற்றம். செயல் அலுவலராகப் புதிதாக வந்த லூர்துமேரி அம்மாள், அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விதியைத் தூசி தட்டி எடுத்தார். பதவியில் இருக்கிறவர்கள் அன்பளிப்பு வாங்கினால், கொடுத்தவர் யார், என்ன கொடுத்தார், என்ன காரியமாகக் கொடுத்தார் என்று மன்றத்தில் எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும் என்பது விதி.

"சொல்றதுன்னா எப்படிம்மா சொல்றது?" என்றார் கோட்டைச்சாமி. "எந்திரிச்சு நின்னு நான் இன்னது வாங்கிட்டேன்னு சொன்னா திருடன் வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிராதா? நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். சபையில சீர் வாசிக்கிறது. திரவியத்தக் கூப்புடுங்க."

திரவியம் வந்தான், புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினான், மன்றத்தின் நடுவில் சோபாவைக் கொண்டுவந்து போட்டார்கள், ஏனென்றால் சபையில் வைக்காத சீரை வாசிப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. தலைவர் அவன் காதில் சொன்னார்.

"என்ன மொறைன்னு போடணும்ணே?" என்று கேட்டான் திரவியம்.

"மொறையெல்லாம் வேண்டாம், கொடுத்தவர் பேர் போதும்" என்றார் லூர்துமேரி.

"மொற சொல்லாம சீர் வாசிச்சா குடுத்தவங்கள வாசல்ல நிறுத்தி அனுப்புன மாதிரி ஆகும்மா" என்றான் அவன். தனுஷ்கோடியை அவனுக்குப் பிடிக்காது, ஆனாலும் தொழில் தொழில்தான்.

"மாப்பிள்ளைன்னு போடு" என்றார் கோட்டைச்சாமி.

"அன்புடையீர்! நமது தலைவர் கோட்டைச்சாமி அவர்களுக்கு, கூத்தன் கம்மாய மனையாக்க ஒத்தாசை செஞ்ச வகைக்கு, அன்பு மாப்பிள்ளை தனுஷ்கோடி அவர்கள் வைக்கும் சீர், மூணு பேர் உக்கார்ற சோபா ஒண்ணே!"

அவன் 'ஒண்ணே' என்று இழுத்து முடிப்பதற்குள் சோபா காய்ந்துவிட்டது. கோட்டைச்சாமி உட்கார்ந்து பார்த்தார், வேட்டி நனையவில்லை, கூட்டம் கைதட்டியது. ஜன்னலுக்கு வெளியே குடத்தோடு நின்ற பெண்கள்தான் வயிறெரிந்தார்கள்.

"அடப்பாவிகளா, சொல்லித் தொலைச்சிட்டானுகளே! இனி தண்ணிக்கு எங்கிட்டுப் போறது?"

அடுத்தடுத்த கூட்டங்களில் பிரிட்ஜ் வந்தது, பீரோ வந்தது, குத்துவிளக்கு வந்தது, திரவியம் வாசிக்க வாசிக்க எல்லாம் காய்ந்தன, காய்ந்தவற்றை வைக்க அலுவலகத்தில் இடமில்லை என்று உறுப்பினர்கள் தங்கள் வீடுகளுக்கே பத்திரமாகத் திருப்பி எடுத்துப் போனார்கள். தனுஷ்கோடி ஒருவருக்கு மாப்பிள்ளை ஆனார், ஒருவருக்குச் சித்தப்பா ஆனார், ஒருவருக்குப் பங்காளி ஆனார், முன்வரிசை நாற்காலியில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்து, பெயர் வாசிக்கும்போதெல்லாம் எழுந்து கும்பிட்டார். மறைத்ததைச் சொல்லிவிட்டால் தப்பு நின்றுவிடும் என்று நினைத்திருந்தார் லூர்துமேரி. அவர் வெளியூர்க்காரர். சபையில் வாசித்த சீருக்குப் பதில் சீர் செய்தாக வேண்டும் என்பதும், கொடுத்தவர் வீட்டில் காரியம் வரும்போது தட்டோடு போய் நிற்காதவனை எங்கள் ஊர் மனிதனாகவே மதிக்காது என்பதும் அவருக்குத் தெரியாது. தனுஷ்கோடி வீட்டில் அடுத்த காரியம் சீக்கிரமே வந்தது. ஊரின் தென்புறத்தில் மிச்சமிருந்த ஊருணியையும் அவர் மனையாக்க விரும்பினார். மறைவாகப் பேச வேண்டிய அவசியமே இப்போது இல்லை, முறைக்காரர்கள் எல்லோரும் முகம் மலர்ந்து செய்யக் காத்திருந்தார்கள்.

ஓவியாவுக்குக் காய்ச்சல் கண்டது அந்த வாரத்தில். வெளிப் பாதியைக் கழற்றி வைத்தும் கசிவு நிற்கவில்லை. மதுரை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் மூளைப் பக்கம் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார்.

"உள்ள இருக்கிறத எடுத்தா காது போயிரும். எடுக்காம விட்டா புள்ள போயிரும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் திரவியம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அந்த டிரஸ்ட்டு ஆளுககிட்ட ஒரு வார்த்த கேப்பமா புள்ள? பெரிய மனசுக்காரங்க, ஏதாச்சும் வழி சொல்லுவாங்க" என்றான். மங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழி அவளுக்குத் தெரியும். ஊரில் அத்தனையும் எப்படிக் காய்ந்ததோ அப்படித்தான் இதுவும் காயும். காதும் போகாது, பிள்ளையும் போகாது. போவது தன் பெயர் ஒன்றுதான் என்று அவள் கணக்குப் போட்டாள், பக்கத்தில் இருக்கிற மனிதனின் முகம் எப்படி மாறும் என்பதை நினைக்கவே பயந்தாள். பிள்ளை தூக்கத்தில் தவளை மாதிரி முனகியது. ஊர் வருவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமைக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள் அன்பளிப்பு அறிவிப்பு, இரண்டாவது பொருள் ஊருணி. முதல் பொருளுக்கு இனி ஆள் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், வழக்கத்துக்காக லூர்துமேரி, "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். மங்கை ஓவியாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், சோபாவும் பீரோவும் வைத்த அதே இடத்தில், மன்றத்தின் நடுவில், ஒரு நாற்காலியைப் போட்டுப் பிள்ளையை உட்காரவைத்தாள், கழற்றிய பாதியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டவைத்தாள், கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்தாள். தண்ணீர் நாற்காலிக் காலில் இறங்கித் தரையில் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் யாரும் குடத்தை நீட்டவில்லை.

அவள் திரவியத்தின் பக்கம் போய்க் குனிந்து காதில் சொன்னாள்.

"என்ன சொல்ற புள்ள?" என்று அவன் கேட்டது மைக்கில் விழுந்து புளியமரத்தில் ஒலித்தது.

அவள் மறுபடி சொன்னாள்.

அவன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். குழாய் மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. மொகந் தெரியாத மகராசன் முன்வரிசையில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். திரவியம் அவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், நாற்காலியில் நனைந்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தான். எத்தனையோ பேர் வீட்டுக் காதுகுத்துக்கு வாசித்த வாய் அது, அவன் வீட்டில் அப்படி ஒரு விசேஷம் நடந்ததே இல்லை, மங்கைக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடியில்லாமல் ஓவியாவுக்குக் காது குத்தாமலே விட்டிருந்தார்கள். தங்கச்சி என்று கூப்பிட்டுக் கொடுத்தவருக்கு என்ன முறை போடுவது என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

"அன்புடையீர்" என்றான். குரலில் ராகம் இல்லை. "பத்தாவது வார்டு உறுப்பினர் மங்கையர்க்கரசி மகள் ஓவியாவுக்கு... தாய்மாமன் தனுஷ்கோடி வைக்கும் சீர்... கூத்தன் கம்மாய்க்குப் பதிலா... வலது காது ஒண்ணே."

தண்ணீர் நின்றது. கழுத்தில் பாதி வழியில் இருந்த துளியும் காய்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்டி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். தனுஷ்கோடி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஓவியா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், பிறகு மறுபக்கமாகச் சாய்த்தாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது, யாரோ இருமுவது கேட்டது, வெளியே ஒரு குடம் கல்லில் உரசுவது கேட்டது. எல்லாம் தெளிவாகக் கேட்டன. அவள் இறங்கி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தாள், அவன் கையிலிருந்த மைக் அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, ஊருக்குப் புரிகிற மாதிரி அவள் பேசிய முதல் வாக்கியத்தைப் பேசினாள்.

"அப்பா, தவள எங்கப்பா போச்சு?"

அது நாலு தெருவுக்கும் கேட்டது. கண்மாயில் எஞ்சியிருந்த கடைசித் தண்ணீர் அவள் காதுக்குள் இருந்ததுதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மங்கை மண்டிபோட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பொய் சொல்ல வாய் போதும், இதற்கு அவளுக்குக் கைதான் வேண்டியிருந்தது. தண்ணீர் என்று கையால் காட்டினாள், தவளை என்று காட்டினாள், மண் கொட்டுவதைக் காட்டினாள். யார் என்று ஓவியா கையை விரித்துக் கேட்டாள். மங்கை தன் நெஞ்சைத் தொட்டாள், வலது கையை மேலே தூக்கினாள், தூக்கியபடியே வைத்திருந்தாள்.

ஓவியா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள், இறக்கிய கையைத் தாயின் மடியில் வைத்து அழுத்தினாள். மங்கை கதறிவிட்டாள்.

கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார். கொஞ்சம் பொறுத்துத்தான் செருமினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "ரெண்டாவது பொருளுக்குப் போவோம்மா" என்றார். லூர்துமேரி ஊருணித் தீர்மானத்தைப் படித்தார், படிக்கும்போது அவர் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். மாப்பிள்ளைக்காகவும் பங்காளிக்காகவும் சித்தப்பாவுக்காகவும் கைகள் தூக்கப்பட்டன. மங்கை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள், அவள் கை மடியில் பிள்ளை வைத்த இடத்திலேயே இருந்தது.

ஓவியா கைகளைக் கண்டாள். கை தூக்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் ஓடினாள். துணைத்தலைவரின் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள், அடுத்த நாற்காலிக்கு ஓடி அந்தக் கையையும் இறக்கினாள், அதற்கும் அடுத்த நாற்காலிக்கு ஓடினாள், அவள் முதுகுக்குப் பின்னால் முதல் கை மறுபடி மெல்ல ஏறியது. அவள் திரும்பிப் பார்த்து மறுபடி அங்கே ஓடினாள். "எறக்கு, எறக்கு" என்று அவள் கத்தியது திரவியம் அணைக்க மறந்த மைக்கில் விழுந்து ஊர் முழுக்கப் போயிற்று. சிலர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள், குனிந்தபடியே கையைத் தூக்கியிருந்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமியின் கை அவளுக்கு எட்டவில்லை, எம்பி எம்பிப் பார்த்தாள், கடைசியில் மேஜைமேல் ஏறிப் பிடித்துவிட்டாள்.

தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் அறிவித்தபோது, அவள் அவர் முழங்கையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.